அன்பின் கணக்கு

பாடல்களும் பிரயாணம் செய்கின்றன. எழுதியவர் காணாத நாடுகளுக்கும், அவர் எண்ணிப் பாராத மக்களிடத்தும் அவை போய்ச் சேருகின்றன. ஒரு பாடல் எந்தத் தேவாலயத்திற்காக எழுதப்பட்டதோ அதன் சுவர்களுக்குள்ளே வாரந்தோறும் பாடப்படும்போது, அதன் பொருள் பழகிப் பழகிச் செவியோடு நின்றுவிடுவதுண்டு. அதே பாடல், வேறு சமயத்தார் சூழ்ந்திருக்க, இக்கட்டான ஒரு வேளையில் ஒலிக்கும்போது அதன் உள்ளுறை சக்தி வெளிப்படுகிறது. அத்தகைய கிறிஸ்தவ கீதம் ஒன்றைத் துணையாகக் கொண்டு, இறைவனின் தியாக அன்பைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

1924-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்த கோஹாட் நகரில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. அதற்கு முன்னரே வேறு பல ஊர்களிலும் இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் தாக்கிக் கொண்டிருந்தனர். மனம் நொந்த காந்தியடிகள், டில்லியில் மௌலானா முகமது அலியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். பிறரைத் தண்டிக்கும் நோன்பன்று அது. பிறர் செய்த பிழைக்குத் தாம் வருந்தித் தம்மையே வருத்திக்கொண்ட பிராயச்சித்தம்.

அந்நோன்பு அக்டோபர் 8-ஆம் நாள் நிறைவெய்தியது. அப்பொழுது அவர் டில்லிக் குன்றின் அடியிலிருந்த 'தில்குஷ்' என்னும் மாளிகைக்கு மாற்றப்பட்டிருந்தார். அலி சகோதரர்கள், ஹக்கீம் அஜ்மல்கான், டாக்டர் அன்சாரி முதலியோர் படுக்கையைச் சூழ்ந்திருந்தனர். பழரசம் அருந்துமுன் வழிபாடு நடைபெற்றது. இமாம் சாஹிப் திருக்குர்ஆனின் தொடக்க வசனங்களை ஓதினார். விநோபா உபநிடதப் பகுதியை ஓதினார். உண்மையான வைணவன் யார் என்பதைக் கூறும் நரசிம்ம மேத்தாவின் பாடலும் பாடப்பட்டது. இவற்றோடு, காந்தியடிகளின் விருப்பப்படி, அவருடைய ஆங்கில நண்பர் சி. எப். ஆண்ட்ரூஸ் ஒரு கிறிஸ்தவ கீதத்தைப் பாடினார். ஐசக் வாட்ஸ் என்பார் இயற்றிய சிலுவைக் கீதம் அது.

கிறிஸ்தவ சமயத்தில் ஆறுதல் கூறும் பாடல்கள் பல உண்டு. வெற்றி முழக்கம் செய்யும் பாடல்களும் உண்டு. மூன்று வாரம் உணவின்றிக் கிடந்த உடல் ஆறுதலை நாடியிருந்தால் வியப்பில்லை. ஆயினும், அன்று பாடப்பட்டது ஆறுதல் கீதம் அன்று. கேட்பவனைச் சும்மா இருக்கவிடாத கீதம். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் அதை இயற்றியவரைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். ஐசக் வாட்ஸ் 1674-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சௌதாம்டன் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் அரசாங்கத் திருச்சபையின் முறைமைகளுக்கு உடன்படாத பிரிவைச் சேர்ந்தவர். அதன் காரணமாகவே சிறை சென்றவர். மகனும் தந்தையின் வழியையே பின்பற்றினார். 1702-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு சபையின் போதகரானார். நோய் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1712-ஆம் ஆண்டு முதல் 1748-ஆம் ஆண்டில் மறையும் வரை, அன்புள்ளம் படைத்த ஒரு குடும்பத்தாரின் இல்லத்திலேயே அவர் தங்கி வாழ்ந்தார்.

அக்காலத்து ஆங்கிலச் சபைகள் பலவற்றில், வேதத்திலுள்ள சங்கீதங்களைச் செய்யுளாக மாற்றிப் பாடுவதே வழக்கமாக இருந்தது. கிறிஸ்துவைப் பற்றிய தங்கள் அனுபவத்தைத் தங்கள் சொற்களாலேயே பாட மக்களுக்கு உரிமை உண்டு என்று வாட்ஸ் கருதினார். அந்நோக்கத்தோடு 1707-ஆம் ஆண்டில் ஒரு பாடல் தொகுதியை வெளியிட்டார். திருவிருந்து வழிபாட்டிற்கென்று அதில் ஒரு பகுதியை ஒதுக்கினார். நமது கீதம் அப்பகுதியைச் சேர்ந்தது. அப்பத்தையும் திராட்சரசத்தையும் கையில் ஏந்துமுன், எதன் நினைவாக அவற்றை ஏந்துகிறோம் என்று நின்று நோக்குமாறு அது அழைக்கிறது.

முதற்பதிப்பில், சிலுவையில் மாண்ட இறைமகனின் இளமையைச் சுட்டும் ஒரு சொல் இருந்தது. 1709-ஆம் ஆண்டுப் பதிப்பில் வாட்ஸ் அதை நீக்கிவிட்டார். பாடலை முதன்முதல் வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பத்து மூன்றை ஒட்டியிருந்தது. கிறிஸ்து சிலுவையில் உயிர் நீத்த வயதும் ஏறக்குறைய அதுவே என்பது மரபு. தன் வயதையொத்த ஒருவர் அங்கே தொங்குவதைக் கண்ட கவிஞரின் நெஞ்சிலிருந்து அச்சொல் தானே பிறந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இப்பொழுது பாடலின் சொற்களுக்கு வருவோம். தலைநகரில் அமர்ந்து அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றும் தொழிலில் ஈடுபட்டுள்ள நமக்கு, இப்பாடலைப் படிக்குந்தோறும் ஒரு வியப்பு ஏற்படுகிறது. அதன் சொற்களில் பல, பக்தி நூல்களைவிட நம் அலுவலக மேசைக்கே நெருங்கியவை! தொடக்கத்தில் வரும் வினைச்சொல்லையே பாருங்கள். கண்ணால் காண்பதைக் குறிக்கும் சாதாரணச் சொல் அன்று அது. நிலத்தை எல்லைக்கு எல்லை அளப்பதற்கும், ஒரு பொருளை முழுமையாக ஆராய்ந்து மதிப்பிடுவதற்கும் வழங்குவது. நம் கிராமங்களில் 'சர்வே' என்று கூறினால் சிறு குழந்தையும் புரிந்துகொள்ளும். அரசாங்கக் காகிதத்தில் அது வந்தால் 'நில அளவை' என்றோ 'மதிப்பாய்வு' என்றோ எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். ஆனால், சிலுவையை ஒருவன் எவ்வாறு அளப்பது? எந்தச் சங்கிலியைக் கொண்டு அளப்பது?

அதற்கடுத்து லாபம் என்னும் சொல் வருகிறது. நஷ்டம் என்னும் சொல் வருகிறது. இவை வாட்ஸ் புதிதாகக் கண்டவை அல்ல. அப்போஸ்தலர் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், தமக்கு லாபமாகத் தோன்றிய குலம், கல்வி, நற்பெயர் அனைத்தையும் கிறிஸ்துவின் பொருட்டு நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டதாகக் கூறுகிறார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியிலோ, சிலுவையைத் தவிர வேறெதனைப் பற்றியும் தாம் பெருமை பேசப்போவதில்லை என்கிறார். இவ்விரு கருத்துகளும் இக்கீதத்தின் இரு தூண்கள்.

ஆக, பாடுபவன் ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிலுவையின் முன்னே நிற்கிறான். அவன் அறிந்த உலகம் கணக்கால் ஆனது. கொடுத்தால் பெற வேண்டும். பெற்றால் திருப்ப வேண்டும். இறைவனோடு நாம் கொள்ளும் உறவிலும் இக்கணக்கு எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதற்கு நம் தமிழ்ச் சொல்லொன்றே சான்று. வேண்டுதல் நிறைவேறினால் செலுத்துவதை 'நேர்த்திக்கடன்' என்கிறோம். அதில் நன்றியும் உண்டு, பக்தியும் உண்டு, கடன் என்னும் சொல்லும் உண்டு. மனிதன் கொடுக்கிறான், இறைவன் ஏற்கிறான் என்பதே எந்த நாட்டிலும் எளிய மக்கள் கண்ட வழிபாட்டு முறை.

இந்த முறையைச் சிலுவை தலைகீழாக்கிவிடுகிறது. இங்கே பீடத்தின் முன் நின்று கொடுப்பவன் மனிதன் அல்லன். கிறிஸ்தவ நம்பிக்கையின்படி, கிறிஸ்துவாக வந்த இறைவனே கொடுக்கிறான். கொடுக்கப்படும் பொருளும் அவனே. அதுவும், கேட்டவர்க்குக் கொடுத்த வரமன்று. கேளாதவர்க்கும், ஏற்க மறுத்து ஆணி அறைந்தவர்க்கும் கொடுத்தது. திறந்து வைத்த புத்தகத்தில் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வரவு என்றால், அதற்குரிய தகுதி நம்மிடம் இல்லை. கடன் என்றால், அடைக்க வழியில்லை. இவ்வாறு அளக்கத் தொடங்கியவனின் அளவுகோல் முறிகிறது. அளவுகோல் முறிந்த அந்த இடத்தில்தான் பக்தி பிறக்கிறது என்பதே இக்கீதத்தின் போக்கு என்று நாம் கருதுகிறோம்.

மொழிபெயர்ப்பவனைத் திகைக்க வைக்கும் இன்னொரு சொல்லும் இதில் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதைத் தமிழில் 'பலி' என்றும் கூறலாம். 'தியாகம்' என்றும் கூறலாம். இரண்டும் ஒன்றல்ல. பலியாகும் ஆடு தானாக வருவதில்லை. பிறர் அதை இழுத்து வருகிறார்கள். தியாகமோ, ஒருவன் தானே மனமுவந்து விடுவது. பலியில் கத்தி பிறர் கையில் இருக்கிறது. தியாகத்தில் முடிவு தன் நெஞ்சில் இருக்கிறது. தமிழ் வேதாகமம் கிறிஸ்துவின் மரணத்தைப் பலி என்று குறிக்கிறது. ஆயின், யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், தமது உயிரை யாரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை என்றும், தாமே அதைக் கொடுப்பதாகவும் கிறிஸ்து கூறுவதைக் காண்கிறோம். ரோமானியப் போர்வீரனின் கண்ணுக்கு அது தண்டனை. பூசாரியின் கண்ணுக்குப் பலி. கொடுத்தவரின் உள்ளத்திலோ அது தியாகம். ஒரு நிகழ்ச்சிக்கு இம்மூன்று முகங்களும் உண்டு. மூன்றாம் முகத்தைக் காணாதவர் வன்முறையை மட்டுமே காண்பர், அன்பைக் காணார்.

பாடலின் நடுப்பகுதி இம்மூன்றாம் முகத்தையே காட்டுகிறது. தலை, கைகள், பாதங்கள் ஆகிய காயமுற்ற இடங்களைக் கவிஞர் ஒவ்வொன்றாகச் சுட்டுகிறார். அங்கிருந்து பெருகுவது இரத்தம் என்று கூறுவார் என நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ துயரமும் அன்பும் என்கிறார். இரண்டும் பிரிக்க இயலாதபடி கலந்துவிட்டன என்கிறார். இது ஆழ்ந்த உண்மை. துயரமற்ற அன்பு எளிது. விருந்தினரிடமும் அதைக் காட்டலாம். அன்பற்ற துயரமும் உலகில் ஏராளம். அது மனத்தைக் கசப்பாக்கும். அன்பின் பொருட்டுத் துயரத்தை ஏற்பதும், அத்துயரத்திலும் அன்பு வற்றாதிருப்பதும் அரிது. அந்த அரிய கலப்பினால்தான், பரிகாசத்திற்காகச் சூட்டிய முள்முடி, பொன்முடிகளை எல்லாம் வெல்லும் முடியாகிறது.

வாட்ஸ் எழுதியவை ஐந்து செய்யுட்கள். நான்காவதைப் பெரும்பாலான பாடற்புத்தகங்கள் இக்காலத்தில் விட்டுவிடுகின்றன. எஞ்சிய நான்கும் பல நாடுகளில், பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் ஒலிக்கின்றன. இங்கிலாந்தில் 'ராக்கிங்ஹாம்' என்னும் மெட்டிலும், அமெரிக்காவில் லோவெல் மேசன் அமைத்த 'ஹாம்பர்க்' என்னும் மெட்டிலும் இதைப் பாடுவது வழக்கம். அடி ஒன்றுக்கு எட்டே அசைகள்; பெரும்பாலும் சிறு சிறு சொற்கள். எளிய சபையார் கேட்ட அளவில் பாட வேண்டும் என்பதற்காக வாட்ஸ் மேற்கொண்ட எளிமை அது. தமிழ்த் திருச்சபைகளின் பாமாலையிலும் இதன் மொழிபெயர்ப்பு இடம்பெற்றிருக்கிறது.

இறுதிச் செய்யுளுக்கு வந்தால், கவிஞர் மீண்டும் கணக்கிற்குத் திரும்புவதைக் காண்கிறோம். இயற்கை முழுவதும், மலையும் கடலும் வயலும் வானும், தமக்கே சொந்தமாக இருந்து, அத்தனையையும் காணிக்கையாக வைத்தாலும் போதாது என்று அவர் முடிவு கட்டுகிறார். இதைக் கேட்டு, 'அப்படியானால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை' என்று சோம்பேறி மகிழலாம். அவனுக்கு இடங்கொடாமல், அன்பு ஒன்றைக் கேட்கிறது என்று கூறிப் பாடல் முடிகிறது. அது கேட்பது உயிர், வாழ்வு, அனைத்தும்.

'கேட்கிறது' என்று இங்கே நாம் எழுதினோம். மூலத்திலுள்ள சொல் அதைவிட வன்மையானது. நாடாளுமன்றத்தில் அரசாங்கம் பணம் கோரும் மானியக் கோரிக்கைக்கும் அதே சொல்தான். பாக்கிக்காரனுக்கு வரும் கேட்புத் தாளுக்கும் அதே சொல்தான். அத்தகைய கோரிக்கைகளின் பின்னே சட்டம் நிற்கிறது. செலுத்தாவிடில் தண்டனை உண்டு. ஆனால் இங்கே கோருபவர் யார்? கைகள் இரண்டும் மரத்தோடு அறையப்பட்டவர். அவரால் யாரையும் கட்டாயப்படுத்த இயலாது. விலகிச் செல்பவனைத் தடுக்கவும் இயலாது. ஆயினும், அவருடைய கோரிக்கையைப் போல் மனிதனை விடாது தொடரும் கோரிக்கை வேறில்லை. அதிகாரம் கேட்டால் ஒரு பகுதியைக் கொடுத்துத் தப்பலாம். வருமானத்தில் இவ்வளவு, நேரத்தில் இவ்வளவு என்று வரையறை உண்டு. அன்பு கேட்டால் வரையறை ஏது? தாய்க்கு மகன் மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டு, கடன் தீர்ந்தது என்று கூற முடியுமா?

அன்பு உடைமையை மட்டுமன்றி உடம்பையும் பிறர்க்கு உரியதாக்கும் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. அன்புடையார் தம் எலும்பையும் தமதென்று வைத்துக்கொள்ளார் என்னும் வள்ளுவர் கருத்தை, அன்புடைமை அதிகாரத்தைப் பள்ளியில் பயின்ற ஒவ்வொருவரும் அறிவர். வள்ளுவர் அன்புடைய மனிதனின் இயல்பைக் கூறினார். வாட்ஸோ அந்த இயல்பை இறைவனிடத்திலேயே கண்டு, கண்டதனால் தாம் என்ன ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்து எண்ணுவோர்க்கு இக்கீதம் அந்நியமாகத் தோன்றாது.

1924-ஆம் ஆண்டில் அதைப் பாடிய ஆண்ட்ரூஸின் வாழ்க்கையும் இதற்கு ஓர் உரையாக அமைந்தது. 1904-ஆம் ஆண்டில் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக வந்தவர் அவர். பதவியும் வசதியும் நிறைந்த வாழ்க்கை அவருக்கு எளிதில் வாய்த்திருக்கும். அவரோ, ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் துயரை நேரில் அறிய, 1915-ஆம் ஆண்டில் பியர்சன் என்னும் நண்பருடன் பிஜித் தீவுகளுக்குச் சென்றார். அங்கே கரும்புத் தோட்டங்களில் உழன்றவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்கள் நிலையை உலகறியச் செய்து, அம்முறையை ஒழிக்க ஓயாது உழைத்தார். 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. மக்கள் அவரைத் 'தீனபந்து' என்று அழைத்தனர். 1940-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

காந்தியடிகளும் சிலுவையை மறந்தாரில்லை. 1931-ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் வட்டமேசை மகாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் ரோமாபுரிக்குச் சென்ற அவர், வத்திக்கானில் சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவின் உருவத்தின் முன் மனமுருகி நின்றார். தனிமனிதரைப் போலவே தேசங்களும் சிலுவையின் வேதனை வழியாகவே உருவாக முடியும் என்றும், பிறரை வருத்துவதனால் அல்லாமல், தானே மனமுவந்து ஏற்கும் துன்பத்தினாலேயே இன்பம் பிறக்கும் என்றும் அப்பொழுது தமக்குப் புலப்பட்டதாகப் பின்னர் அவர் எழுதினார். கிறிஸ்தவராகாமலே அவர் அடைந்த தெளிவு அது.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. டில்லியில் 21 நாள் நோன்பு இருந்ததனால் கலகங்கள் ஓய்ந்தனவா? ஓயவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளிலும் அவை மூண்டன; 1947-இல் நாம் கண்ட கொடுமையோ சொல்லில் அடங்காது. அப்படியானால் அத்தியாகம் வீண்தானா? கணக்குப் புத்தகத்தைக் கொண்டு விடை தேடினால் வீண் என்றே விடை வரும். அதே புத்தகத்தைக் கொண்டு சிலுவையையும் அளந்தால், வெள்ளிக்கிழமை மாலையில் அதுவும் வீணாகவே தோன்றியிருக்கும். சீடர்கள் ஓடிவிட்டனர், பகைவர் நகைத்தனர், கல்லறை மூடப்பட்டது. பலன் உறுதி என்று அறிந்த பின் கொடுப்பது முதலீடு. பலன் தெரியாத இருளில், பிறர் நன்மை ஒன்றையே கருதிக் கொடுப்பதுதான் தியாகம். இறைவனின் அன்பு அத்தகையது என்பதே கீதத்தின் சாட்சி. அதனால்தான் அதைக் கேட்டவர்கள், தம் முயற்சி தோற்றபோதும் மனம் கசந்து போகாமல் மீண்டும் எழ முடிந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தியாகத்தைப் பற்றிப் பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு. வசதியுள்ளோர் ஏழைகளை நோக்கியும், ஆண்கள் பெண்களை நோக்கியும், மூத்தோர் இளைஞரை நோக்கியும் 'தியாகம் செய்யுங்கள்' என்று உபதேசிப்பது உலகில் எளிதாக நடைபெறுகிறது. பிறர் தோளில் ஏற்றப்படும் சிலுவை தியாகமாகாது. முன்னே கூறியதுபோல் அது பலி. வாட்ஸின் கீதத்தில் இவ்வாபத்து இல்லை. அதில் 'நீ' என்று பிறரைப் பார்த்து உபதேசிக்கும் இடம் இல்லை. நோக்குபவன் நான், நஷ்டம் என்று எழுதுபவன் நான், கொடுக்க வேண்டியவனும் நான். இவ்வுரையில் நாம் தொடக்கம் முதல் 'நாம்' என்றே பேசி வருகிறோம். வானொலி உரைக்கு அது தகும். சிந்திக்கும் வரை நாம் அனைவரும் ஒன்றாக நிற்கலாம். ஆனால் சிலுவையின் கோரிக்கை 'நாம்' என்னும் கூட்டத்தின் பெயருக்கு வருவதில்லை. ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியே வருகிறது.

அதற்கு விடையாகப் பெருஞ்செயல் செய்ய வேண்டும் என்பதில்லை. நெடுநாள் பேசாதிருக்கும் உடன்பிறந்தானிடம் முதலில் சென்று பேசுவது, நமக்கு நியாயமாகக் கிடைத்த முன்னிடத்தை மற்றொருவர்க்கு விடுவது, நோயுற்றவர் அருகே பலன் கருதாது ஓர் இரவு விழித்திருப்பது ஆகியவையும் அந்த அன்பின் மொழியில் எழுதிய வரிகளே. இவற்றைச் செய்யும்போது, திருப்பிக் கிடைக்குமா என்னும் கேள்வி ஒரு கணமேனும் மனத்தை விட்டு அகலுமானால், வாட்ஸ் எதன் முன்னே நின்று பாடினாரோ அதை நாமும் ஓரளவு கண்டோம் என்று கொள்ளலாம்.